மூன்று ஊர், ஒரு நட்சத்திரம்

பூமி உருண்டை என்று எல்லோரும் சொல்கிறார்கள். வீட்டிலிருந்தபடியே சாதாரண ஆள் அதைச் சோதிக்க முடியுமா? ஒரு குச்சி, ஒரு பாகைமானி, வெளியூரில் சொன்ன பேச்சைக் கேட்கும் உறவினர்கள் சிலர் போதும்.

2025 செப்டம்பர் 7. இரவு 10 மணி. தில்லி மயூர் விஹாரில் நான் குடியிருக்கும் கட்டிடத்தின் மொட்டைமாடியில் பாதிக் குடித்தனங்கள் கூடிவிட்டன. முழு சந்திர கிரகணம். நிலவின் ஓரத்தை நிழல் மெல்லக் கடிக்கத் தொடங்கியிருந்தது. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பக்கத்து வீட்டுப் பையனிடம், "அந்த நிழலின் விளிம்பைப் பார், வளைவாக இருக்கிறதல்லவா? அது பூமியின் நிழல்" என்றேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "தட்டோட நிழலும் ரவுண்டாத்தானே இருக்கும் அங்கிள்?"

பூமி தட்டை என்று வாதிடும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். நம்பிவிடவில்லை, நம்பாமலும் இல்லை. விண்வெளியிலிருந்து எடுத்த படங்களைச் சொன்னால் கம்ப்யூட்டரில் செய்தது என்கிறான். 1984-ல் ராகேஷ் சர்மாவும் 2025-ல் சுபான்ஷு சுக்லாவும் மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்ததைச் சொன்னால், "அவங்க பாத்தாங்க. நீங்க பாத்தீங்களா?" என்கிறான். நான் பார்க்கவில்லைதான்.

மொழிபெயர்ப்பது என் பிழைப்பு. பூமி ஒரு கோளம் என்ற வாக்கியத்தை, பாடநூலுக்கும் பத்திரிகைக்குமாக எத்தனை முறை தமிழாக்கியிருப்பேன் என்று கணக்கில்லை. கோளமா, உருண்டையா, எந்தச் சொல் பொருத்தம் என்று மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன். அது உண்மையா என்று ஒரு நாளும் சோதித்ததில்லை. ஆரியபட்டர் கி.பி. 499-லேயே, பூக்களால் சூழப்பட்ட கதம்பப் பந்துபோல பூமி நாலாபுறமும் உயிர்களால் சூழப்பட்டிருக்கிறது என்று எழுதிவிட்டார் என்று பெருமையாகச் சொல்லலாம். அதுவும் இன்னொருவர் சொன்னதுதான். பையன் கேட்டது வேறு.

அன்றிரவே கீழே போய் ஒரு எவர்சில்வர் தட்டையும் டார்ச் விளக்கையும் எடுத்துவந்தோம். வெளிச்சத்துக்கு நேர் எதிரே பிடித்தால் சுவரில் தட்டின் நிழல் வட்டம். சற்றுச் சாய்த்தால் நீள்வட்டம். இன்னும் திருப்பினால் வெறும் கோடு. அவன் தம்பியின் பந்தை எப்படித் திருப்பினாலும் வட்டத்தைத் தவிர வேறில்லை. ஆக, ஒரே ஒரு கிரகணம் போதாது. நிலா வானத்தின் வெவ்வேறு இடங்களில் இருக்கும்போது நிகழ்ந்த பல கிரகணங்களைப் பார்க்க வேண்டும். 2018 ஜனவரி 31 அன்று தில்லியில் நிலா கடிபட்டபடியேதான் உதித்தது. பூமி தட்டாக இருந்திருந்தால், சூரியன் மேற்கு அடிவானத்திலும் நிலா கிழக்கு அடிவானத்திலும் இருந்த அந்த நேரத்தில் தட்டின் பக்கவாட்டில் வெளிச்சம் பட்டு, நிலவின் மேல் பட்டையாக ஒரு கோடு விழுந்திருக்க வேண்டும். விழுந்தது அதே வளைவுதான். அதே ஆண்டு ஜூலை 27 நள்ளிரவுக்குச் சற்று முன் தொடங்கிய நீண்ட கிரகணத்திலும் அதே வளைவு.

பையன் பாதி ஒப்புக்கொண்டான். "நிழலைப் பாத்து ஊகிக்கிறோம். பூமியை அளக்கலையே?" என்றான். இப்படித்தான் அந்த மாதம் முழுக்க என் வேலை கெட்டது.

பூமியை அளப்பது என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது எரட்டோஸ்தனிஸ். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாண்டிரியாவில் நண்பகல் நிழலை அளந்து, தெற்கே சையீனில் அதே நேரத்தில் சூரியன் உச்சந்தலைக்கு மேல் நிற்கும் என்பதை வைத்து, இரண்டு ஊர்களுக்கும் இடைப்பட்ட தூரம் பூமியின் சுற்றளவில் ஐம்பதில் ஒரு பங்கு என்று கண்டவர். அதே கணக்கை நாமும் போட்டுப் பார்க்கலாம் என்று முடிவு செய்தோம். செப்டம்பர் 23 வாகாக வந்தது. பகலும் இரவும் ஏறக்குறைய சமமான நாள்.

ஒரு மீட்டர் உயரக் குச்சியை, கொத்தனாரின் தூக்குக்குண்டு வைத்துச் செங்குத்தாக மாடியில் நிறுத்தினோம். நாகர்கோவிலில் என் பெரியப்பா மகன் இருக்கிறார். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். தில்லிக்கு ஏறக்குறைய நேர் தெற்கே அவருடைய வீடு என்பது இதுவரை எங்கள் குடும்பத்தில் யாருக்கும் உபயோகப்படாத ஒரு சங்கதி. அவரும் ஒரு குச்சி நட்டார். நிழல் மிகக் குட்டையாகும் கணம்தான் நண்பகல். இரண்டு ஊரிலும் அது 12 மணி 13 நிமிடத்தை ஒட்டி வந்தது. தில்லியில் நிழல் 55 செ.மீ. நாகர்கோவிலில் 15 செ.மீ. பாகைமானி கொண்டு தாளில் வரைந்து பார்த்தால் தில்லியில் சூரியன் உச்சியிலிருந்து சுமார் 28.8 டிகிரி சாய்ந்திருந்தது, நாகர்கோவிலில் 8.5 டிகிரி. வித்தியாசம் 20.3 டிகிரி. இரு ஊர்களுக்கும் இடையே வடக்கு தெற்காக சுமார் 2,270 கி.மீ. அப்படியானால் 360 டிகிரிக்கு 40,250 கி.மீ. உண்மையான சுற்றளவு 40,000 கி.மீ.யை ஒட்டியது. மொட்டைமாடியில் பையன் குதித்த குதியில் கீழ்வீட்டு அம்மா மேலே வந்துவிட்டார்.

ஆனால் இங்கே ஒரு ஓட்டை இருக்கிறது. பள்ளிப் புத்தகங்கள் அதைச் சொல்வதில்லை. எரட்டோஸ்தனிஸ் பூமி உருண்டை என்று நிரூபிக்கவில்லை. உருண்டை என்றும், சூரியன் மிகத் தொலைவில் இருக்கிறது என்றும் முன்கூட்டியே வைத்துக்கொண்டு அளவைக் கண்டார். தட்டைக் கட்சிக்காரர் இதே நிழல்களைத் தம் பக்கம் இழுத்துக்கொள்ள முடியும். தெருவிளக்கின் அடியிலிருந்து விலக விலக நம் நிழல் நீள்வதில்லையா? தரை தட்டைதான், சூரியன்தான் பக்கத்தில் தொங்குகிறது என்று சொல்லிவிடலாம். எங்கள் இரண்டு நிழல்களை வைத்து அப்படிக் கணக்குப் போட்டால் சூரியன் சுமார் 5,700 கி.மீ. உயரத்தில் இருக்கும் ஒரு விளக்கு. இரண்டு கணக்கும் சரியாகவே வருகின்றன. இந்தியாவுக்குள்ளேயே இடையில் இன்னொரு ஊரைச் சேர்த்தாலும் இரு கணக்குக்கும் வரும் வித்தியாசம் ஒரு சென்டிமீட்டர்தான். குச்சி அவ்வளவு சாய்ந்தாலே போயிற்று.

லண்டனில் இருக்கும் என் தங்கையிடம் முன்பே சொல்லி வைத்திருந்தது அன்று கைகொடுத்தது. தரை தட்டையாக இருந்தால் நிழல் தூரத்துக்கு ஏற்பச் சீராக நீள வேண்டும். தெற்கிலிருந்து வடக்கே 2,270 கி.மீ.க்கு 40 செ.மீ. கூடியதென்றால், தில்லியைவிட இன்னும் 2,550 கி.மீ. வடக்கே இருக்கும் லண்டனில் மேலும் 45 செ.மீ. கூடி 100 செ.மீ. ஆகும். பூமி வளைந்திருந்தால் 127 செ.மீ. வர வேண்டும். அவளுடைய வீட்டுத் தோட்டத்தில் பகல் 12.52-க்கு அளந்து, "ஒன்றேகால் மீட்டருக்கு ஒரு விரல்கடை மேலே" என்று செய்தி அனுப்பினாள். அவளிடம் இருந்தது தையல் டேப்தான். ஆனாலும் 25 செ.மீ. பிழை அதில் வராது.

லண்டனில் தங்கை இல்லாதவர்கள் வீட்டிலேயே ஒன்று செய்யலாம். ஒரு அட்டையில் ஊசியால் துளையிட்டு, அதன் வழியாக வரும் வெயிலை இரண்டு மீட்டர் தள்ளி வெள்ளைத் தாளில் விழவிடுங்கள். சூரியனின் பிம்பம் சிறு வட்டமாக விழும். குறுக்களவு சுமார் 18 அல்லது 19 மி.மீ. நண்பகலில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை அளந்து பாருங்கள். 5,700 கி.மீ. உயரத்தில் தொங்கும் விளக்கு மேற்கே 10,000 கி.மீ. விலகிப் போனால் பாதியாகச் சிறுத்திருக்க வேண்டும். சிறுப்பதில்லை. அவ்வளவு தூரம் போன பின்னும் அது அடிவானத்துக்கு மேல் கிட்டத்தட்ட 30 டிகிரி உயரத்தில்தான் நிற்க வேண்டும். அஸ்தமனம் என்பதே இருக்காது. (சூரியனை நேராகக் கண்ணால் பார்க்க வேண்டாம். தாளைத்தான் பார்க்க வேண்டும்.)

இருந்தாலும் நாட்டை விட்டு வெளியே போகாமல், உயரத்தையும் தூரத்தையும் வைத்தே தீர்க்க வழியில்லையா என்று யோசித்தபோதுதான் துருவ நட்சத்திரம் நினைவுக்கு வந்தது. கன்னியாகுமரியில் ஏறி ஜம்முவில் இறங்கும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் பயணி, போகிற வழியெல்லாம் இரவில் வடக்கே பார்த்துக்கொண்டு போனால் அந்த நட்சத்திரம் மேலே ஏறிக்கொண்டே வரும். கன்னியாகுமரியில் அடிவானத்துக்கு மேல் எட்டே டிகிரி. கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் கிட்டத்தட்ட 10 டிகிரி மறைக்கும். அந்த ஒரு முஷ்டிக்குள் நட்சத்திரம் அடங்கிவிடும். ஜம்முவில் மூன்று முஷ்டிக்கும் மேலே நிற்கும்.

ஏறுகிறது என்பது மட்டும் போதாது. எப்படி ஏறுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தட்டையான சாலையில் தூரத்து விளக்குக் கம்பத்தை நோக்கி நடந்து பாருங்கள். வெகுநேரம் விளக்கு அசைந்து கொடுக்காது. நெருங்க நெருங்கத்தான் கிடுகிடுவென்று மேலேறித் தலைக்கு மேல் வரும். உருண்டையின் மேல் நடப்பவனுக்கு அப்படியில்லை. எண்ணற்ற தொலைவில் இருக்கும் நட்சத்திரம், அவன் எங்கே இருந்தாலும், சம தூரத்துக்குச் சம அளவாக ஏறும். ஆகவே மூன்று ஊர் வேண்டும். இரண்டு ஊர்க் கணக்கை எந்த விளக்குக் கம்பத்துக்கும் பொருத்திவிடலாம். மூன்றாவது ஊர் பொய் சொல்லாது.

நாக்பூரில் ரயில்வேயில் வேலை செய்யும் பழைய கல்லூரி நண்பர் ஒருவர் அகப்பட்டார். கருவி மிக எளிது. பையனின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்த பாகைமானியின் நேர் விளிம்பில் இளநீர்க் கடை ஸ்ட்ரா ஒன்றை ஒட்டினோம். நடுப்புள்ளியிலிருந்து நூல் கட்டி, நூல் முனையில் ஒரு இரும்பு நட்டு. ஸ்ட்ரா வழியே நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டு, நூல் அசைவு நின்றதும் இன்னொருவர் எண்ணைப் படிக்க வேண்டும். 90-லிருந்து அதைக் கழித்தால் உயரம். தனியாகச் செய்தால் கழுத்து சுளுக்கிக்கொள்ளும், எனக்குச் சுளுக்கிக்கொண்டது.

ஒரே இரவில் மூன்று பேருக்கும் வானம் வாய்க்கவில்லை. வாய்க்கவும் வேண்டியதில்லை, துருவ நட்சத்திரம் தன் இடத்தைவிட்டு முக்கால் டிகிரிக்கு மேல் அசைவதில்லை. அவரவருக்கு மேகம் விலகிய இரவில் அளந்தார்கள். தில்லி 29. நாக்பூர் 22. நாகர்கோவில் ஏழரை. பாகைமானியில் ஒரு டிகிரி அப்படி இப்படி இருக்கும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

நாகர்கோவிலிலிருந்து நாக்பூருக்கு வடக்கே சுமார் 1,440 கி.மீ. அதில் பதினாலரை டிகிரி ஏறியிருக்கிறது. நாக்பூரிலிருந்து தில்லி இருக்கும் அட்சரேகைக்கு 830 கி.மீ. அதில் 7 டிகிரி. முதலாவதில் டிகிரிக்கு 99 கி.மீ., இரண்டாவதில் 119. சமமாக இல்லையே என்று பையன் முகம் வாடியது. சரி, தட்டைப் பூமியில் விளக்குக் கம்பம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடு என்றேன். நாகர்கோவிலில் ஏழரையும் தில்லியில் 29-ம் தெரிய வேண்டுமானால் நாக்பூரில் அந்த விளக்கு 14 டிகிரி உயரத்தில்தான் தெரிய முடியும். நண்பர் அளந்தது 22. எட்டு டிகிரி வித்தியாசம். கிட்டத்தட்ட ஒரு முஷ்டி. பாகைமானிப் பிழைக்குள் இதை அடக்க முடியாது.

இரண்டு நிமிடம் யோசித்துவிட்டுப் பையன் கேட்ட கேள்விதான் இந்தக் கதையிலேயே நல்ல கேள்வி. "இந்த 1,440 எங்கேருந்து வந்தது அங்கிள்? மேப்லேருந்துதானே? மேப்பே உருண்டைன்னு வச்சுத்தானே போட்டிருக்காங்க?"

உடனடிப் பதில் ஒன்று இருந்தது. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை வரும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை தில்லி, நாக்பூர் வழியாகத்தான் போகிறது. லாரி ஓட்டுநரின் மீட்டருக்கு பூமியின் வடிவம் தெரியாது. சாலை வளைந்து போவதால் தூரம் கூடும். ஆனால் நாகர்கோவில் – நாக்பூர் தூரம், நாக்பூர் – தில்லி தூரத்தைப் போல் ஒன்றரை மடங்குக்குக் குறையாது. அந்த விகிதத்தை வைத்துப் போட்டாலும் விளக்குக் கம்பக் கணக்கு 14 டிகிரியிலேயே வந்து நிற்கிறது.

உண்மையான பதில் இன்னும் பழையது. நாங்கள் மாடியில் செய்த அதே வேலையை, ஏறக்குறைய அதே கோட்டில், 40 ஆண்டுகள் செலவிட்டு இரண்டு பேர் செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள். 1802 ஏப்ரல் 10 அன்று சென்னை பரங்கிமலைக்கு அருகே வில்லியம் லாம்ப்டன் 100 அடி எஃகுச் சங்கிலியை வைத்துத் தரையை அளக்கத் தொடங்கினார். கிட்டத்தட்ட 12 கி.மீ. நீளத்துக்கு ஒரே நேர்க்கோடு. அதை அடித்தளமாக வைத்து முக்கோணத்தின் மேல் முக்கோணமாகப் போட்டுக்கொண்டு போனார். கம்பெனி அரசாங்கத்துக்கு வேண்டியிருந்தது நல்ல வரைபடம். லாம்ப்டனுக்கு வேண்டியிருந்தது வேறு: ஒரு டிகிரிக்குத் தரையில் எத்தனை தூரம் என்பது. அதற்காகவே தேர்ந்தெடுத்த இடங்களில் முகாம் போட்டு, இரவெல்லாம் நட்சத்திரங்களின் உயரத்தை அளந்தார். தரையைத் தரையிலேயே அளந்து, வானத்தை வானத்திலேயே அளந்து, பிறகு ஒப்பிட்டார். பையனின் கேள்விக்கு அவர் கொடுத்த பதில் இது.

அவருடைய தியோடலைட் கருவி அரை டன் எடை. இங்கிலாந்திலிருந்து வரும் வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோய், பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, மரியாதையாகத் திருப்பி அனுப்பி வைத்தார்கள். அதில் தப்பித்த கருவி, 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து மோதி நசுங்கியது. யாராயிருந்தாலும் ஊருக்குத் திரும்பியிருப்பார்கள். லாம்ப்டன் கூடாரத்துக்குள் உட்கார்ந்து வாரக்கணக்கில் தன் கையாலேயே அதைத் தட்டிச் சரிசெய்தார். 1823-ல், எழுபதை ஒட்டிய வயதில், நாக்பூருக்குப் போகும் வழியில் ஹிங்கன்காட்டில் இறந்துபோனார். கல்லறை அங்கேதான் இருக்கிறது. ஹிங்கன்காட்டைத் தாண்டித்தான் 44-ஆம் எண் நெடுஞ்சாலை நாக்பூர் போகிறது. பிறகு ஜார்ஜ் எவரெஸ்ட் அந்த முக்கோணச் சங்கிலியை இமயமலை அடிவாரம் வரை, மொத்தம் ஏறக்குறைய 2,400 கி.மீ., கொண்டுபோய் 1841-ல் முடித்தார். மலைக்குப் பெயர் அவருக்குப் போயிற்று. லாம்ப்டனை இந்தியாவில் யாரும் நினைப்பதில்லை.

இத்தகைய அளவுகளைப் பல நாடுகளிலும் எடுத்து ஒப்பிட்டதில் ஒன்று உறுதியானது: பூமி சரியான உருண்டைகூட இல்லை. பூமத்திய ரேகையருகே ஒரு டிகிரிக்கு 110.6 கி.மீ.; துருவத்தருகே 111.7. அதாவது துருவங்களில் லேசாகச் சப்பை. குறுக்களவில் 43 கி.மீ. வித்தியாசம். இந்த அளவுக்குப் போன பிறகு தட்டையா உருண்டையா என்ற வாதம் எங்கேயோ பின்னால் நின்றுபோகிறது.

தில்லிக்காரர்களுக்கு நட்சத்திரத்தைப் பார்க்கக்கூட வேண்டியதில்லை. கனாட் பிளேஸுக்கு அருகே ஜந்தர் மந்தருக்குப் போனால் போதும். ஜெய்ப்பூர் மன்னர் சவாய் ஜெய்சிங் 18-ஆம் நூற்றாண்டில் கட்டியது. அங்குள்ள சாம்ராட் யந்திரம் ஒரு பெரிய சாய்வுச் சுவர். சாய்வு துருவத்தை நோக்கி, 28.6 டிகிரி. அதே மன்னர் அதே யந்திரத்தை ஜெய்ப்பூரில் கட்டினார். அங்கே சாய்வு 27 டிகிரி. உஜ்ஜயினியில் கட்டியது இன்னும் தாழ்ந்து 23 டிகிரியை ஒட்டியிருக்கிறது. ஊருக்கு ஊர் தெற்கே போகப் போகச் சுவர் ஏன் தாழ்கிறது என்று வாசலில் நிற்கும் சுற்றுலாப் பயணிகளில் எவரும் கேட்டு நான் பார்த்ததில்லை. நானும் பத்து முறையாவது போயிருப்பேன், கேட்டதில்லை.

இத்தனையையும் நாகர்கோவில் அண்ணனுக்குத் தொலைபேசியில் உற்சாகமாகச் சொன்னேன். கணக்கு வாத்தியார் அல்லவா, ஒரே வரியில் உட்கார வைத்துவிட்டார். "வடக்கு தெக்கா வளைஞ்சிருக்குன்னுதாம்ல காட்டியிருக்க. கெழக்கு மேக்கா? நாட்டு ஓட்டைக் கவுத்துப் போட்ட மாதிரி கெடந்தா என்ன செய்வ?"

நியாயமான கேள்வி. நாட்டு ஓடு ஒரு திசையில் வளைவு, மறுதிசையில் நேர். பூமி அப்படிக் கிடந்தால் கிழக்கு மேற்கில் இருக்கும் எல்லா ஊரிலும் சூரியன் ஒரே கணத்தில் உதிக்க வேண்டும். இதற்குச் சோதனை எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை, கிரிக்கெட் போதும். 2025 நவம்பரில் குவாஹாட்டியில் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் ஆடிய டெஸ்ட் போட்டி வழக்கமான 9.30-க்குப் பதில் 9 மணிக்குத் தொடங்கியது. தேநீர் இடைவேளை முதலில், மதிய உணவு பிறகு. காரணம், அங்கே சீக்கிரமே இருட்டிவிடுகிறது. குவாஹாட்டிக்கும் அகமதாபாத்துக்கும் இடையே 19 டிகிரி தீர்க்கரேகை வித்தியாசம். டிகிரிக்கு 4 நிமிடம் வீதம் 1 மணி 16 நிமிடம் முன்பே அங்கு சூரியன் வந்துவிட்டுப் போய்விடுகிறது. அசாம் தேயிலைத் தோட்டங்கள் நாட்டுக் கடிகாரத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகத் தங்களுக்கென்று ஒரு கடிகாரம் வைத்துக்கொண்டிருப்பது வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வரும் வழக்கம். இலை பறிக்கும் பெண்களுக்கு வெயில்தான் கணக்கு. ஒரே நாட்டுக்கு ஒரே நேரம் என்று நாம் வைத்திருப்பதன் சிரமத்தை அவர்கள்தான் நன்றாக அறிவார்கள். அண்ணன், "சரி, அது நிக்கும்" என்றார். அவரிடமிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

கடலைப் பற்றி இதுவரை சொல்லாததற்குக் காரணம் உண்டு. விலகிப் போகும் கப்பலின் அடிப்பாகம் முதலில் மறைந்து பாய்மரம் கடைசியில் மறையும் என்பதுதான் எல்லோரும் சொல்லும் முதல் சோதனை. உண்மைதான். கரையில் நிற்கும் ஆளுக்கு அடிவானம் 5 கி.மீ.க்கும் குறைவு, 30 மீட்டர் உயரக் கலங்கரை விளக்கத்தில் ஏறினால் 20 கி.மீ. நல்ல பைனாகுலர் இருந்தால் மீன்பிடிப் படகு மூழ்குவதுபோல் மறைவதைப் பார்க்கலாம். ஆனால் தண்ணீரை ஒட்டிய காற்று சூட்டிலும் குளிர்ச்சியிலும் ஒளியை வளைத்து, மறைய வேண்டியதைத் தூக்கிக் காட்டிவிடும். தட்டைக் கட்சி பிறந்ததே இப்படி ஒரு தண்ணீர்ச் சோதனையில்தான். இங்கிலாந்தில் ஒரு கால்வாயில் 10 கி.மீ. தள்ளிப் போன படகு மறையவில்லை என்று சாமுவேல் ரோபோத்தம் அறிவித்தார். 1870-ல் அதே கால்வாயில், டார்வினுக்கு இணையாகப் பரிணாமக் கொள்கையைக் கண்ட ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 500 பவுண்டு பந்தயத்தில் இறங்கினார். தண்ணீர் மட்டத்தை விட்டு சுமார் 4 மீட்டர் உயரத்தில் சம உயரத்துக் குறிகளை வைத்தார். நடுக் குறி உயர்ந்து தெரிந்தது. நடுவர் அவர் பக்கம் தீர்ப்பளித்தார். எதிராளி ஜான் ஹாம்ப்டன் ஒப்புக்கொள்ளவே இல்லை. ஆண்டுக்கணக்கில் வசைக் கடிதங்கள், அவதூறு வழக்குகள். ஹாம்ப்டன் சிறைக்கும் போனார். பந்தயம் சட்டப்படி செல்லாது என்று நீதிமன்றத்துக்குப் போய்த் தான் கட்டிய பணத்தையும் மீட்டுக்கொண்டார். பந்தயத்துக்குப் போனதற்காக வாலஸ் பிற்பாடு வருந்தினார். நான் பையனோடு பந்தயம் கட்டவில்லை.

அவனும் வீடியோக்களைப் பார்ப்பதை விட்டுவிடவில்லை. இப்போது அவற்றுக்குக் கீழே கோணக் கணக்கு எழுதிப் போடுகிறான். யாரும் பதில் சொல்வதில்லை என்பது அவனுடைய குறை. எங்களுடைய நட்சத்திர அளவை வைத்துப் பார்த்தால் பூமியின் சுற்றளவு 38,000 கி.மீ. வருகிறது. உண்மையைவிட 2,000 குறைவு. அந்த இரண்டாயிரம் எங்கே போயிற்று என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவிலுக்கு அவனே போன் போட்டுக் கேட்டான். "நாக்பூர்க்காரன் அளந்ததுலதான் தப்பு" என்று அண்ணன் சொல்ல, நாக்பூர் நண்பர் அதை மறுக்க, எல்லோரும் மறுபடி அளப்பது என்று முடிவாயிற்று. அன்றிரவு பாகைமானியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனோம். குளிர்காலம் தொடங்கிவிட்டிருந்தது. தில்லிப் புகைமூட்டத்தில் எதிர்க் கட்டிடமே சரியாகத் தெரியவில்லை.